ஓமப் புகைக்கு ஒரு வழி

உன் பெண்ணின் கல்யாணத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். பட்டுப்புடவை முழுக்க ஓமப் புகை வாசம். மாற்றவே மனம் வரவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் கட்டினார்களே, அந்தப் பெரிய மண்டபம், அதில் நடந்த முதல் கல்யாணமே உன் பெண்ணுடையதுதான். மேடை அலங்காரத்தில் தீப்பிடித்தால், மாடிப் பந்தியில் இருப்பவர்கள் இறங்கி வரும்வரை புகை தலைக்கு மேலேயே நிற்குமா என்று பார்க்க, நாம் இருவரும் கம்ப்யூட்டரில் அந்த மண்டபத்தை மாடலாகக் கட்டித் தீ வைத்துத் தீ வைத்துப் பார்த்தோம். கூரையில் உள்ள கருவி புகையை உணர்ந்து மணி அடிக்கும். உடனே பெரிய விசிறிகள் ஓடிப் புகையை வெளியே இழுக்கும். திரையில் எல்லாரும் பிழைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீதான், "இருடி, இவங்களோட பழைய மண்டபத்த ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்" என்றாய். போனால், அங்கே ஒவ்வொரு கருவிக்கும் கேரி பேக் கட்டி வைத்திருக்கிறார்கள்! "ஓமப் பொகைக்கே கத்துதுங்க மேடம். தாலி கட்றப்ப மணி அடிச்சா அபசகுனம் இல்லீங்களா?" என்றார் மேனேஜர். அட பாவி மனுஷா! கருவியை மூடினால் விசிறி ஓடாது. மாடியில் இருப்பவர்கள் கதி? அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். நீ என்னை வெளியே இழுத்து வந்தாய். "அவர திட்டி என்னடி ஆவப்போவுது? ஓமத்தையும் மாடல்ல போடு."

ஐயரையே போய்ப் பிடித்தாய். "எவ்ளோ நெய் ஊத்துவீங்க சாமி?"

"வூட்டுக்காரங்க வாங்கித் தர்றதப் பொறுத்தும்மா."

வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட லேப்டாப்பை விடவில்லை. ஓமகுண்டத்துக்கு நேர் மேலே தனிப் புகைபோக்கி, கருவிகளைக் கொஞ்சம் தள்ளி. ஓமப் புகை பேசாமல் வெளியே போய்விடும், நிஜத் தீயின் புகை கருவியைத் தொட்டே தீரும். மண்டபம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்துக்கு மாடல் போட்டாலும், முதலில் அங்கே புழங்குகிறவர்களைப் போய்ப் பார்த்துப் பேசுகிறேன்.

இன்று எதற்கும் கேரி பேக் இல்லை. ஆனால் ஒருமுறை மணி அடித்துவிட்டால் போதும், நாளைக்கே எல்லாவற்றையும் கட்டிவிடுவார்கள். நீ பட்ட பாடெல்லாம் வீண். ஐயர் நெய்யைத் தாராளமாக ஊற்றினார். நான் கூரையில் இருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்தது. மணி அடிக்கவே இல்லையடி!

வாழ்த்தப் போனபோது உன் பெண் கேட்டாள்: "தாலி கட்றப்ப எங்க பெரிம்மா பாத்துட்டு இருந்தீங்க?"

"மேலதான் கண்ணு."

"அம்மாவும் அங்கதான் பாத்துட்டு இருந்திருக்கும்" என்று சிரித்தவள், அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். அத்தனை பேர் முன்னால் நானும் அழுதேன். அவளுக்கு நான் இருக்கிறேன், நீ கவலைப்படாதே.