நான் எழுதிய அறுபது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும் என்பதே இங்கு எங்கள் இருவரின் நினைவும். நாங்களும் அவ்வாறே நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இம்முறை அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். உன் அம்மாவின் வலக்கை மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. சமையலறையில் வழுக்கியது என்று உன்னிடம் சொன்னோம். அவள் விழுந்தது சமையலறையில் அல்ல, சாலையில். பதற்றப்படாதே, எலும்பு கூடிவிடும் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பதற்றமெல்லாம் உன்னைப் பற்றியும் உன் பின்னிருக்கையில் அமரும் குட்டியைப் பற்றியும்தான்.

சென்ற மாதம் உனக்கொன்றும் நம் வீட்டுக்கொன்றுமாக மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் இரண்டு பம்புகள் வாங்கினேன் அல்லவா. (காற்றடிப்பான் என்று எழுதாமல் பம்பு என்றே எழுதுகிறேன், இந்தச் செய்தியில் ஒரு சொல்லும் உனக்குப் புரியாமல் போகக்கூடாது.) அவற்றின் அளவுமானியில் இருந்த அயலெழுத்து கண்ணை உறுத்தியது. குட்டி அன்றாடம் பார்க்கும் பொருளில் நம் எழுத்து இருக்கட்டுமே என்ற ஆசையில், மானியின் மேல்கண்ணாடியைக் கழற்றி, வட்டமாகத் தாள் வெட்டி, இருபது, நாற்பது, அறுபது என்று எழுத்தால் எழுதி இரண்டிலும் ஒட்டினேன். நாற்பது என்ற சொல் இடத்தை அடைத்துக்கொண்டதால் அறுபதைச் சற்றே தள்ளி எழுதினேன். அந்தச் சற்றேதான், மகளே, எல்லாவற்றுக்கும் காரணம். உன் அம்மா தையற்பள்ளிக்குப் புறப்படும் முன் நான்தான் அறுபதுவரை அடித்துக் கொடுத்தேன், முள் அறுபதில்தான் நின்றது. நல்ல வெயிலில் அஞ்சலகத் திருப்பத்தில் முன்சக்கரம் வெடித்து விழுந்துவிட்டாள். பின்னால் வந்த வண்டி நின்றதால் மணிக்கட்டோடு போயிற்று. அது நிற்காமல் வந்திருந்தால் என்பதற்கு மேல் நினைக்க எனக்குத் துணிவில்லை.

பம்பைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் ஒட்டும் கடைக்காரரிடம் சண்டைக்குத்தான் போனேன். அவர் என் அறுபது வரும்வரை அடித்து, தம்முடைய அளவுமானியை வைத்துப் பார்த்தார். எண்பத்தைந்து. "ஐயா, பம்பு பொய் சொல்லல. நீங்கதான் அதுக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்துட்டீங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நான் தலை குனிந்து நின்றேன். தாளை உரித்தபோது அடியிலிருந்த எண்களும் பசையோடு பாதி வந்துவிட்டன, ஆகவே நீ உரித்துப் பார்த்துப் பயனில்லை. உனக்கு அனுப்பியதில் அறுபதை எந்தப் பக்கம் தள்ளினேன் என்று எவ்வளவு எண்ணியும் நினைவுக்கு வரவில்லை. கூடினால் வெடிக்கும், குறைந்தால் திருப்பத்தில் சக்கரம் நெளிந்து சறுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லத்தான் அழைத்தேன். அந்தப் பம்பைத் தொடாதே என்று நான் தொடங்கியதுமே, "அப்பா, ஒரு பம்புக்கு இவ்வளவு பெரிய சொற்பொழிவா? குட்டி அதைப் பார்த்துத்தான் எண்ணவே கத்துக்கிறா" என்று நீ சிரித்தாய். நான் பேச்சை உங்கள் ஊர் மழைக்கு மாற்றிவிட்டேன். தொலைபேசியை வைத்ததும் உன் அம்மா, "ஊருக்கெல்லாம் பேசுற வாய் பெத்த பொண்ணுகிட்ட ஒட்டிக்குதாக்கும். வாய் வரலைன்னா எழுதியாவது தொலைங்க, அவ பிள்ளையப் பின்னாடி வச்சுக்கிட்டுப் போறா" என்றாள். மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், இடக்கையால் பருப்பைக் கிண்டியபடி.

ஆகவே புதிதாக ஒன்று வாங்கு. கடைக்காரர் சொன்னதை அப்படியே தருகிறேன். அடித்தட்டு இரும்பாக, இரண்டு காலையும் வைத்து நிற்கும் அகலத்தில் இருக்க வேண்டும், நெகிழி என்றால் நீ அழுத்தும்போது அது நடக்கத் தொடங்கிவிடும். குழாய் நீளமாக இருக்கட்டும், குனியாமல் நின்றபடியே சக்கரத்துக்கு எட்ட வேண்டும். சக்கரத்தில் காற்றடைக்கும் வாயில் மாட்டிப் பிடியை மடக்கியதும் காற்று ஒரு சீறலும் இல்லாமல் அடைபட வேண்டும், இதைக் கடையிலேயே காதை வைத்துக் கேள். உள்ளே இருக்கும் வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று விசாரி, கிடைக்காது என்றால் மலிவாக இருந்தாலும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கேயே ஒரு சக்கரத்துக்கு அடித்து, கடையின் அளவுமானியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்கு. கடைக்காரன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உன் சக்கரத்தின் பக்கவாட்டில் எத்தனை என்று பொறித்திருக்கும், அதைத் தாண்டாதே. அந்த எண்ணை நான் எழுதவில்லை, அதை நம்பலாம்.

இம்மடல் வந்து சேர ஐந்து நாளாகும் என்கிறார்கள். அந்த ஐந்து நாள் காலையிலும் நீ அந்தப் பாலத்துச் சரிவில் குட்டியோடு இறங்குவாய். அதனால் கையெழுத்திட்டதும் உன்னை அழைத்து, இதை முதல் வரியிலிருந்து வாசிக்கப் போகிறேன். நாற்பது ஆண்டில் ஒரு மேடையிலும் நான் தாளைப் பார்த்துப் பேசியதில்லை. இன்று பார்த்துத்தான் பேசுவேன். இடையில் சிரிக்காதே, முடிக்க விடு.

மூவரும் நீடு வாழ வாழ்த்துகிறோம். மாப்பிள்ளையிடமும் சொல், குட்டிக்கு எங்கள் முத்தங்கள். மறவாதே, நாளைக் காலை பேருந்தில் போ.

உன் அம்மாவை விழ வைத்த,
அப்பா