மேட்டுக்காரரின் ஹேண்டில்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலத்தையும் டயர்க்கடை நலத்தையும் அறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆவல் எதுவும் இல்லை, கோபம்தான் இருக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன். அப்புறம் "தங்கச்சிக்கு மனசு சரியில்ல" என்று ஜீப் கிளப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரரின் நண்பர் என்றுதான் உங்களை அண்ணன் என்று கூப்பிட்டேன். அவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் லேபில் பல் செட்டுக்கு அச்சு ஊற்றிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்து, ஷெட்டைத் திறந்து, முன்பக்கத் துளையில் மாட்டிச் சுழற்றி ஜீப்பை ஸ்டார்ட் செய்கிற இரும்பு ஹேண்டிலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். என் கொழுந்தனாரிடம் கேட்டீர்களாம், அவர் தலையாட்டினாராம். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை? ஷெட்டுச் சாவி என் பெட்டியில் இருக்கிறது. பூட்டை எப்படித் திறந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பீர்கள்.

அந்த ஹேண்டில் இப்போது மலையடிவாரத்தில் ஒரு மாட்டு டாக்டர் கையில் இருக்கிறதாம். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் எல்லாம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி மாற்றி, நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கடற்கரை வரைக்கும் கொண்டு வரப்போகிறீர்களாம். என் புருஷன் நினைவாக. மாலை போட்டுப் படம் எடுத்து கிளப்பின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். லேபில் கூட வேலை பார்க்கும் அம்மா காட்டித்தான் எனக்கே தெரியும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பது இதுதான்.

அந்த வண்டிக்கு செல்ஃப் மோட்டார் செத்துப் பல வருடம் ஆகிறது. ஹேண்டில் இல்லாமல் கிளம்பாது. எனக்கு அந்த வண்டியை ஓட்ட வேண்டும். அவர் படுக்கையில் இருந்தபோதே டிரைவிங் ஸ்கூலில் பழகி லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். அவர் இருந்தவரை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. இனிமேலாவது தொடுகிறேன். ஹேண்டிலைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கை

---

பிப்ரவரி 20

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் வைத்துப் பிரித்தேன். வாடிக்கையாளர் டயரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார், நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் தங்கச்சியா இப்படி எழுதுகிறாள்?

கேட்காமல் எடுத்தது தப்புதான். கேட்டால் நீ அழுவாய், அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. உனக்கு அவன் புருஷன் என்றால் எனக்கு அவன் கூடப் பிறக்காத பிறப்பு. எத்தனை மலை, எத்தனை ஆறு சேர்ந்து ஏறி இறங்கியிருக்கிறோம். அவனுக்கு ஏதாவது செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

மாட்டு டாக்டர் எழுதியிருப்பதைக் கேள். இரண்டு நாள் சேற்றிலும் பாறையிலும் ஓட்டி, ஹேண்டிலை அடுத்த ஆளிடம் ஒப்படைத்திருக்கிறார். மரப்பிடி தேய்ந்து உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதாம். அதில் தன் கையை வைத்துப் பார்த்தாராம், அடங்கவில்லையாம். எவ்வளவு கச்சிதமான கை உங்கள் நண்பருக்கு என்று கேட்டிருக்கிறார். படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

கிளப்பில் அவனுக்கு மேட்டுக்காரன் என்று பெயர் வந்த கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. எந்த முகாமுக்குப் போனாலும் மேடு தேடித்தான் வண்டியை நிறுத்துவான். மேடு கிடைக்காவிட்டால் எஞ்சினை அணைக்கவே மாட்டான், சாப்பிட்டு முடிக்கிறவரை அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும். "ராஜா தரையில உக்கார மாட்டாரு" என்று கிண்டல் அடிப்போம். சிரித்துக்கொள்வான். அந்தக் கம்பீரம் இனி யாருக்கு வரும்?

கிளப் மைதானத்தில் கடலைப் பார்த்தாற்போல ஒரு தூண் கட்டுகிறோம். ஏப்ரலில் ஹேண்டில் வந்து சேர்ந்ததும் அதை சிமெண்டில் பதித்துவிடுவோம். காலத்துக்கும் நிற்கும். நீதான் திறந்து வைக்க வேண்டும். உனக்கு எங்கேயாவது போக வேண்டும் என்றால் சொல், என் கடை டிரைவரை அனுப்புகிறேன். இந்த வயதில் அந்த முரட்டு வண்டி உனக்கு எதற்கு? அப்படியே ஹேண்டில்தான் வேண்டும் என்றால் பழைய சாமான் கடையில் வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாமே.

என்றும் உன்,
அண்ணன்

---

மார்ச் 2

அண்ணனுக்கு,

வேறு ஹேண்டில் வாங்கலாம். அது எனக்கும் தெரியும். ஆனால் அதைச் சிமெண்டில் பதிக்கப் போகிறோம் என்று எழுதிவிட்டீர்கள். அதனால் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன்.

அந்தப் பள்ளம் அவர் கை போட்ட பள்ளம் இல்லை. என் கை.

கல்யாணமான வருடம் அவர் மணிக்கட்டு உடைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கார்க் கதவில் மாட்டிக்கொண்டது என்று உங்களிடம் சொன்னார். கதவும் இல்லை, ஒன்றும் இல்லை. கட்டை விரலைச் சுற்றிப் பிடித்து, ஹேண்டிலைக் கீழ்நோக்கி அமுக்கினார். எஞ்சின் ஹேண்டிலை எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடித்துவிட்டது. எலும்பு சேர்ந்தது. வரைபடம் வரைவார், கல் நடுகிற இடத்தில் நாள் முழுக்கச் சர்வே சங்கிலி இழுப்பார். ஆனால் ஹேண்டில் பக்கம் போனால் அந்த ஆறடி மனுஷனுக்குக் கை நடுங்கும். இரண்டு மூன்று தடவை முயன்றார். அப்புறம் ஒருநாள் என் கையில் கொடுத்து, "நீ போடு" என்றார்.

அன்றிலிருந்து இருபத்தாறு வருடம் நான்தான் போட்டேன். காலையில் அவர் சீட்டில் உட்கார்ந்து, எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கச் சோக்கைப் பிடித்துக்கொள்வார், நான் பம்பருக்கு முன்னால் குனிந்து, கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு, மேல்நோக்கி ஒரே இழுப்பு. மழையில் போட்டிருக்கிறேன், ஜுரத்தில் போட்டிருக்கிறேன், வயிற்றில் பிள்ளையோடு போட்டிருக்கிறேன். கலைந்துபோன பிள்ளை. அதற்கு ஹேண்டில் காரணம் இல்லை என்று டாக்டர் சொன்னார், நானும் நம்பிக்கொண்டேன்.

உங்களோடு வெளியூர் வரும்போது நான் இருக்க மாட்டேன். அதனால்தான் மேடு. பிரேக்கை விட்டால் உருண்டு தானே கிளம்பிவிடும். சமதரையில் அணைத்தால் ஹேண்டில் போட வேண்டிவரும், உங்கள் எல்லோர் முன்னாலும் கை நடுங்கும். உங்கள் ராஜாவின் கம்பீரம் அவ்வளவுதான்.

"யாருகிட்டயும் சொல்லாத" என்று ஒரே ஒருமுறை கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போதும் கிளப்பில் யாருக்கும் தெரிய வேண்டாம். பெயருக்கு என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லி ஓட்டத்தை நிறுத்துங்கள், இல்லை தூணில் வேறு எதையாவது வையுங்கள். என் கை பட்டுத் தேய்ந்ததை என் கையில் கொடுங்கள். இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

தங்கை

---

மார்ச் 12

தங்கச்சிக்கு,

நாலைந்து நாளாகத் தூக்கம் இல்லை. முதலில் நீ கோபத்தில் கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு மேடாக நினைவுக்கு வந்தது. என்னிடம்கூடச் சொல்லாமல் விட்டானே என்று அவன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஆனால் யோசித்துப் பார். கல்வெட்டு வெட்டியாகிவிட்டது. 'இந்தப் பிடி அறிந்த கை' என்று தொடங்குகிறது, நானே எழுதினேன். அழைப்பிதழ் எல்லா ஊருக்கும் போய்விட்டது. இப்போது ஓட்டத்தை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வெளியே வரும். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா? அவன் மானத்தைக் காப்பாற்ற வேண்டியது நாம்தான். முக்கியமாக நீ. பெண்டாட்டியே விட்டுக்கொடுத்தால் வேறு யார் தாங்குவார்கள்?

உன் மனமும் நோகக் கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். படத்தைப் பார்த்து அளவெடுத்து, லேத்தில் கொடுத்து, அசல் மாதிரியே ஒரு ஹேண்டில் செய்யச் சொன்னேன். பிடிக்குப் புது மரம், உடம்பு முழுக்கக் குரோம். பார்சலில் வருகிறது. பார்த்தால் அசந்துபோவாய்.

உன் நன்மையையே நினைக்கும்,
அண்ணன்

---

மார்ச் 17

அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. வண்டியில் நுழையவில்லை. குரோம் பூசியதில் முனை தடித்துவிட்டது. ஜீப்போடு பிறந்து வளர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நீங்கள், துளைக்குள் போகிற முனையிலும் குரோம் பூசுவீர்களா? பல் செட் செய்து பிழைக்கிறவள் நான். வாய்க்குள் போக வேண்டிய பக்கத்தை அழகுக்காகத் தடிமனாக்கினால் என் முதலாளி அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இதை உங்கள் தூணில் வையுங்கள். படத்துக்கு நன்றாக விழும்.

மானத்தைக் காப்பாற்று என்று எனக்கே பாடம் நடத்துகிறீர்கள். முழுப் பூசணிக்காயை இருபத்தாறு வருடம் சோற்றில் மறைத்தவள் நான். நீங்கள் பத்து நாள்தான் மறைத்திருக்கிறீர்கள், அதற்குள் மூச்சு முட்டுகிறது. கல்யாண வீட்டில் நீங்கள்தான் மாப்பிள்ளை, சாவு வீட்டிலும் நீங்கள்தான் பிணம். அவரைக்கூட அந்த இடத்தில் படுக்கவிட மாட்டேன் என்கிறீர்கள்.

என் ஹேண்டிலை நானே போய் எடுத்துக்கொள்கிறேன். எந்தத் தேதியில் யாரிடம் இருக்கும் என்று ஊருக்கெல்லாம் நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு மட்டும் நன்றி.

சர்வேயர் வீட்டுக்காரி

---

ஏப்ரல் 3

உனக்கு,

என்ன காரியம் செய்துவிட்டாய்?

கடைசிக் கைமாற்றத்துக்கு முன்னால், ஹேண்டிலை வைத்திருந்த பேக்கரிக்காரம்மா கடையில் போய் நின்று, அத்தனை பேர் முன்னால் ஹேண்டில் போட்டுக் காட்டியிருக்கிறாய். வீடியோ எனக்கு வந்தது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். பின்னால் எவனோ "மேட்டுக்காரரு விஷயம் இப்பத்தான் புரியுது" என்று சிரிக்கிறான். அதற்குமேல் பார்க்காமல் வீடியோவை நிறுத்திவிட்டேன்.

யாருக்கும் தெரிய வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாக எழுதியவள், சபையில் புருஷனைக் கோழை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். ஒரு இரும்புத் துண்டுக்காக. அடுத்து ஹேண்டிலை வாங்கிக்கொள்ள வந்திருந்த டிரில் மாஸ்டர் எனக்குப் போன் செய்தார். என்னால் முடிந்தவரை அவன் பெயரைக் காப்பாற்றப் பார்த்தேன். அதற்குள் நீ முந்திக்கொண்டுவிட்டாய். தூணைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். மைதானத்துக்கு வந்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

அவன் உனக்கு என்ன குறை வைத்தான்?

கிளப் செயலாளர்

---

ஏப்ரல் 9

டயர்க்கடைக்காரருக்கு,

நடந்தது இது. நிதானமாகப் படியுங்கள்.

பேக்கரிக்குப் பின்னால் மாவு மூட்டை இறக்குகிற இடத்தில் இரண்டு ஜீப்புகள் நின்றிருந்தன. சுற்றிலும் உங்கள் கிளப் ஆட்கள். பேக்கரிக்காரம்மா ஹேண்டிலை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி டிரில் மாஸ்டரிடம் கொடுக்கப் போனார். நான் முன்னால் போய், "இது எங்க வீட்டு ஹேண்டில். வண்டி கிளப்பணும், கொடுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இதற்குமேல் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அங்கே இருந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

டிரில் மாஸ்டர் தங்கமான மனிதர். செயலாளரை ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று உங்களுக்குப் போன் போட்டார். நீங்கள் ஏதோ நல்ல வார்த்தை சொல்வீர்கள், எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். நான் வந்திருக்கிறேன் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் குரல் வந்தது:

"அவ சொல்றத நம்பாதீங்க. கை உடைஞ்சதுலேருந்து அவன் ஹேண்டிலத் தொடவே இல்லையாம், பயமாம். இவதான் போட்டாளாம். இதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு?"

நம்புவதா இல்லையா என்று அங்கே யாருக்கும் கவலை இல்லை. ஏனென்றால் அந்த நிமிடம் வரை அப்படி ஒன்றை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

டிரில் மாஸ்டர் அவசர அவசரமாகப் போனை அணைத்தார். பேக்கரிக்காரம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியைப் பிரித்து ஹேண்டிலை என்னிடம் நீட்டி, தன் வண்டியைக் காட்டி, "போடுங்கக்கா" என்றார். அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? போட்டேன். முதல் இழுப்பில் இருமியது, அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பின்னால் ஒருவர் சிரித்தார், அந்தச் சிரிப்புதான் காதில் விழுந்தது. அந்த ஒரு சிரிப்பு வந்துவிடக் கூடாது என்றுதான் ஜுரத்திலும் மழையிலும் குனிந்தேன்.

அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. நிறைய உண்டு. என்னைக் குனிய வைத்துவிட்டு மேட்டில் போய் ராஜாவாக நின்றார். வீட்டில் ஒருநாளாவது, கதவைச் சாத்திக்கொண்டாவது, உன் கைதான் என் வண்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. நானே அவரிடம் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இத்தனை கோபத்திலும் ஊரார் முன்னால் அவரை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய உயிர் நண்பர்.

வண்டி இப்போது என்னிடம் கிளம்புகிறது. சோக்கைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் முதலில் சோக்கை இழுத்து வைத்துவிட்டு, இறங்கிப் போய் ஹேண்டிலைப் போட்டுவிட்டு, அது அணைவதற்குள் ஓடிவந்து ஏறிக்கொள்கிறேன். மூச்சு வாங்குகிறது. பழகிவிடும்.

நீங்கள் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம், எழுதவும் வேண்டாம். அவர் மானத்தை என் கையில் இருந்த வரைக்கும் நான் பார்த்துக்கொண்டேன். அங்கே சிரித்தவரைத் தேடிப் பிடித்து வாயை மூடவைக்கிற வேலை இனிமேல் உங்களுடையது. அவர் சொல்லக் கேட்டவர், அதற்கடுத்தவர் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாடு பெரியது. உங்களிடம்தான் வண்டிகள் இருக்கின்றனவே.

ஜீப்காரி