அலையின் ஈரப் பாதி

செப்டம்பர் 3

மாண்புமிகு வானிலை அக்காவுக்கு,

இங்கே நலம், வெயில். தையல்காரருக்குக் குரலை மாற்றி, “மந்திரி வீட்டுக்கு நாப்பது சட்டை” என்று ஆர்டர் கொடுத்தது நான்தான் என்று அப்பாவுக்குத் தெரிந்துபோய், போனைப் பிடுங்கிவிட்டார். ஆகவே தபால்.

போன மாதம் நீ புயல் என்றாய். கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஊரார் மோட்டார்களை மாடிக்குத் தூக்கியதில் பிடித்த இடுப்பு இன்னும் அப்பாவை விடவில்லை. தூறல்கூட இல்லை. “உங்க பெரியவ மழைன்னா துணி காயப்போடலாம்” என்று ஆற்றோரத் தெருவே சிரிக்கிறது. உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். படுக்கையும் இப்போது கடையில்தான்.

மறுபடி ஏதாவது வருதா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

வாலு


செப்டம்பர் 8

வாலுக்கு,

வரும்போல் இருக்கிறது. காற்றும் மேகமுமாக ஒரு பெரிய அலை, உலகத்தையே சுற்றிக்கொண்டு மெல்லக் கிழக்கே நகர்கிறது. அதன் ஈரப் பாதி தலைக்கு மேல் வந்தால் மேகம் கொழுக்கும், புயல் பிறப்பது சுலபம். உலர்ந்த பாதி வந்தால் அடங்கும். போன தடவை உலர்ந்த பாதி முந்திக்கொண்டது, நான் ஏமாந்தேன். இப்போது ஈரப் பாதி நம் பக்கம் வருகிறது. மேல்காற்றும் வளைந்து கிடக்கிறது. புயல் பிறந்தால் தள்ளிவிட ஆளில்லாமல் ஒரே இடத்தில் நின்று கொட்டும்.

பத்துக்கு ஆறு வாய்ப்பு. அப்பாவை எப்படியாவது அங்கிருந்து கிளப்பு.

அக்கா


செப்டம்பர் 13

அக்கா,

“பத்துக்கு ஆறா? போன தடவையும் அவ பாஸ் மார்க்தான் வாங்கினா” என்றார். நகரவில்லை.

ஆகவே இன்று காலை, நீ ஆபீசில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொன்னேன். உன் பெயரையே கேட்கப் பிடிக்காத மனுஷன், ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மறு காலில் பழுப்புச் செருப்போடு பஸ் பிடிக்க ஓடினார். வந்ததும் நீதான் சமாளிக்க வேண்டும்.

ஒரே ஒரு பிசகு. என்னையும் கூட்டிப்போவார் என்று நினைத்தேன். “ஊரார் மோட்டார், நான் வர்ற வரைக்கும் நகரக் கூடாது” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மழை பிடித்துவிட்டது. அழகான மழைதான். கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி.

வாலு


செப்டம்பர் 15

வாலு, என் தங்கமே,

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு அப்பா வந்தார். ஆபீஸ் வாசலிலேயே என் நெற்றியைத் தொட்டு, “சுடலையே” என்றார். திட்டவில்லை. உள்ளே கூட்டிப்போய்ப் புயலின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினேன்.

“எப்பம்மா நகரும்?”

“நகரலப்பா.”

“சின்னவ கடையில இருக்காடி.”

ஊரில் யார் போனுக்கும் மணியே போகவில்லை. தபால் எடுக்க மாட்டார்களாம். படகு ஏற்றிய மீட்பு லாரி ஒன்று அந்தப் பக்கம் கிளம்புகிறது. டிரைவர் கடிதத்தை வாங்கிக்கொள்கிறார், அப்பாவை ஏற்ற மறுக்கிறார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். தடுத்துப் பார்த்தேன்.

மோட்டார் போனால் போகட்டும், மாடிக்குப் போ. யாராவது உன்னைக் கூப்பிட்டால் ஒளிந்துகொண்டு விளையாட்டுக் காட்டாதே. முதல் குரலுக்கே ‘ஏன்’ என்று கேட்டுவிடு, கண்ணு.

அக்கா