ஆட்டிடம் சொன்ன சேதி

எங்கள் வீட்டுத் தலைப்பிள்ளையான என் அண்ணனுக்கு,

எல்லையிலிருந்து உன்னைப் பெட்டியில் கொண்டுவந்து இரண்டு வருடம் ஆகிறது. நீ இருந்தபோதே உன்னிடம் அதிகம் பேசாதவள் நான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் சிரிக்காதே.

அங்கே மறுபடியும் சண்டை வந்தது அண்ணே. நான் வேலை பார்க்கும் திருமங்கலம் தையல்கடையில் அக்காமார் எல்லாம், "இந்தத் தடவ விடக் கூடாதுடி, ஒரே போடா போட்டுரணும்" என்றார்கள். போட்டால் யார் மேல் விழும் என்று கேட்க நினைத்தேன். குனிந்து பட்டன் தைத்தேன்.

பெரியப்பா மகன் மகேசு அண்ணனும் அப்போது எல்லையில்தான் இருந்தார். வரப்பில் அரை முழத்தை வெட்டியது யார் என்று அப்பாவும் பெரியப்பாவும் அடித்துக்கொண்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. உன் சாவுக்குப் பெரியம்மா வந்து மாரில் அடித்து அழுதார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் வேலியோரம் நிற்கும் எங்கள் ஆட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள், உனக்குத் தெரியுமே. "ஏ ஆடு, எங் கொடியில காயுற சேலையத் தின்னியே, ஒன்ன வளக்குறவளுக்குக் கண்ணு இல்லையா?" என்பார்கள் பெரியம்மா. "கந்தல்னு நெனச்சுத் தின்னுட்டேன்னு சொல்லு ஆடு" என்று அம்மா அதனிடமே பதில் சொல்லும். லீவில் வந்திருந்த நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பெரிய பெரிய நாடே இப்படித்தான் பேசுது புள்ள, ஆடுதான் வேற" என்றாய்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பெரியம்மா வேலியோரம் வந்து நின்றார்கள். "ஏ ஆடு..." என்றபோதே குரல் உடைந்துவிட்டது. "எம்புள்ள மூணு நாளா போன் பண்ணலைன்னு சொல்லு."

அம்மா குடத்தை இறக்கி வைத்தது. அம்மாவின் கண்ணும் ஆட்டின் மேல்தான் போனது. உன் போனுக்காக நாங்கள் காத்திருந்த நாட்கள் எனக்கு மறக்குமா? இப்போதும் அம்மா ஆட்டிடமே பதில் சொல்லிவிட்டால்?

"பெரியம்மா, உள்ள வாங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "வாக்கா" என்றது. "நான் பட்டது நீ படக் கூடாது."

மறுநாள் காலையில், எங்கள் வீட்டில் இருக்கும்போதே பெரியம்மாவுக்குப் போன் வந்தது. அவர்கள் துள்ளவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டே வார்த்தை பேசிவிட்டு அம்மா கையில் கொடுத்தார்கள். "சாப்பிட்டியாய்யா மகேசு?" என்று கேட்டது அம்மா.

சண்டை எதற்கு வருகிறது? மண்ணுக்காக என்கிறார்கள். அந்த அரை முழத்தில் இத்தனை வருடமாக ஒரு சோளம்கூட யாரும் விதைக்கவில்லை. முதலில் பேசுகிறவன் தோற்றவன் என்று இரண்டு வீடும் நினைத்தது, அவ்வளவுதான். பெரிய போர்களுக்கும் இதே காரணம்தானா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்திலும் போன் வராத வீடு இருக்குமே அண்ணே? அந்த அம்மாவை உள்ளே கூப்பிட யார் இருக்கிறார்கள்? எல்லாம் ஒருநாள் முடியுமா?

அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் பேசவில்லை. மகேசு அண்ணன் லீவில் வரும் அன்று இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து நானே பரிமாறுவேன். எழுந்து போனால் மறுநாளும் இலை போடுவேன். அதற்கு மறுநாளும் போடுவேன். இது உன் மேல் சத்தியம்.

இப்போது கொஞ்சம் பேசப் பழகியிருக்கும்
உன் தங்கச்சி
செல்வி