கோலா கெடா கோட்டையில் உன்னைப் பார்த்தேன்

மெர்கோங், அலோர் ஸ்டார்.

மகள் இவாஞ்சலினுக்கு அப்பா மோரிஸ் எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்க வேண்டியதில்ல, நேர்லயே பார்த்துட்டேன். போன்ல பேசினா இந்தச் சின்ன வீட்டுல அம்மா காதுல விழும், அதனாலதான் காகிதம். இது வந்து சேர்றப்போ நீ மெல்பர்ன் திரும்பியிருப்பே.

லீவு கிடைக்கல, இந்த வருஷம் மலேசியா வர முடியாதுன்னு அம்மாகிட்ட சொன்னே. அவ முட்டி வலியோட மாதா கோயிலுக்குப் போய் உனக்காக மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தா. போன சனிக்கிழமை பார்த்தா நீ கோலா கெடா கோட்டையில நிக்கிறே, மாமனார் மாமியாரோட, பாப்பாவோட. மாப்பிள்ளை வரல போல. வெளியூர்க் கூட்டம் போகாத இடமா பார்க்கணும்னு அவங்களுக்கு ஆசையாம், நேத்து கெரியாங் மலை, காலையில கால்வாய், இப்போ கோட்டைன்னு நீ சொல்லிக்கிட்டே வந்தது என் காதுல விழுந்துச்சு. கெரியாங் மலையில இருந்து மெர்கோங் எவ்வளவு தூரம்? ஊரெல்லாம் சுத்தினவளுக்கு அம்மா வீட்டுக்கு மட்டும் வழி தெரியலையா?

புல்லு வெட்டுற வேலை கொடுத்த குத்தகைக்காரர் என்னை டவுன் பார்க்குல இருந்து கோட்டைக்கு மாத்தினது உனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டே. புல்லு வெட்டுற மெஷினை நிறுத்திட்டு முகத்துத் துணியை இறக்கினேன், பாப்பா பார்த்துட்டா. தினமும் போன்ல பார்க்கிற முகமாச்சே, தாத்தான்னு ஓடி வந்து காலைக் கட்டிக்கிட்டா. நீ வந்து பிடுங்கினே. யாரும்மா இவர்னு மாமியார் கேட்டதுக்கு, வயசானவங்க யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் கூப்பிடுவா அத்தைன்னு சிரிச்சே. எவ்வளவு லேசா வந்துச்சு உன் வாயில! அந்த அம்மா நல்லவங்க, வெயில்ல நிக்கிறீங்களேன்னு தண்ணி போத்தல் கொடுத்தாங்க. வாங்கி உன் எதிர்லயே குடிச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் நாடகம் அங்கேயே முடிஞ்சிருக்கும். பாப்பா அழுதுச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன், உனக்காக இல்ல. கல்யாணத்தை மெல்பர்ன்லயே முடிச்சுக்கிட்டே, அவங்க எங்க முகத்தைப் பார்த்ததே இல்ல. எங்களைப் பத்தி அவங்ககிட்ட என்ன சொல்லி வச்சிருக்கே? செத்துட்டோம்னா? புல்லு வெட்டுறதுல எனக்கு வெட்கமில்ல. உனக்கு வெட்கம்னா அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்லா, அறிவு கெட்டவளே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அம்மா போனை நீட்டுறா. பாப்பா படம், மெல்பர்ன் பார்க்குன்னு நீ எழுதி அனுப்பினது. பின்னால தெரியறது நான் காலையில வெட்டின புல்லு, கூட்டி வச்ச குவியல் கூட அப்படியே இருக்கு. வெள்ளைக்காரன் ஊர்ல எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாருங்கன்னு அவ சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டா. ஆமான்னேன். கட்டினதுல இருந்து அவகிட்ட நான் பொய் சொன்னதில்ல, சொல்ல வச்சிட்டே.

காகிதம் கிடைச்சதும் வர்ற ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு அம்மா உனக்குக் கூப்பிடுவா. நடந்ததை நீயே சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன், அப்புறம் என்கிட்ட அழுது பிரயோஜனமில்ல.

பாப்பாவுக்குக் குளிர்ல காதை மூடி விடு, மறந்துடாதே. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். உனக்கும் எழுதணும்னுதான் இவ்வளவு நேரம் பேனாவைப் பிடிச்சிருக்கேன். கை வரல.

உன் அப்பா,
மோரிஸ்