மடைக்காரியின் கடைசிப் பக்கம்

இன்று காலை பிளக்ஸ் மிஷினுக்கு மை மாற்றினேன். மூடியைத் திறந்ததும் அந்த நெடி கடை முழுக்கப் பரவியது. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நீ வருவாய் என்று தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது. பழக்கம், வேறொன்றுமில்லை.

நீ வேலை பார்த்த பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் மதியம் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில்தான் நீ என் கம்ப்யூட்டர் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதை சொல்வாய். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர் போடுகிற என்னை சூப்பர் ஹீரோ படக்கதை வரைய வைத்தவள் நீ. நம் மடைக்காரி பகலில் நாற்று நடுபவள், வெள்ளம் வந்தால் முகமூடி போடுபவள். தென்னேரிக் கரை எங்கே உடையப் போகிறதென்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். உள்ளங்கையால் தண்ணீரை நிறுத்துவாள். அவள் யாரென்று அறிந்தவன் ஒரே ஒருவன், அவளைக் காதலிக்கும் லைன்மேன். "இவன நம்பலாம்" என்று முதல் பாகத்திலேயே அவளைச் சொல்ல வைத்தாய். ஒவ்வொரு பாகமாக, எல்லோரும் போனில் படிக்கிற மாதிரி போட்டோம். சாலவாக்கம் பஸ்ஸில் காலேஜ் பெண்கள் அதைப் படிப்பதைப் பார்த்துவிட்டு வந்த அன்று உன் கால் தரையில் பாவவில்லை.

முடிவை மட்டும் நீ சொல்லவே மாட்டாய். கெஞ்சியும் பார்த்தேன், மிரட்டியும் பார்த்தேன்.

"முடிவு தெரிஞ்சா நீ வரையற மூஞ்சில வந்துடும்டி. இன்னிக்கு இன்னாவோ அத்த மட்டும் வரை."

நடுவில் இருமுவாய். "இன்னாடி இப்படி இருமிக்கினு கீற?" என்றால், "மை வாசன ஒத்துக்கல, அவ்ளோதான்" என்பாய். நானும் நம்பி, மேஜை ஃபேனை உன் நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தேன்.

கடைசிப் பாகத்தில் மடைக்காரியைக் கொன்றாய். ஒவ்வொரு வெள்ளத்தை நிறுத்தும்போதும் அவள் உயிர் கொஞ்சம் கரைந்துகொண்டிருந்ததாம். அது அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரியுமாம். லைன்மேனிடம் சொல்லவில்லையாம். ஏரிக்கரையில் அவன் இரண்டு டிபன் பாக்ஸோடு நிற்பதோடு கதை முடிந்தது. கதையைப் படித்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். நானும்தான்.

"நம்புனவன் கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா அவன் சிரிச்சிக்கினு இருந்திருப்பானா?" என்று நீ கேட்டுவிட்டு உன் கடைக்குப் போய்விட்டாய்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீயும் போய்விட்டாய். நுரையீரலில் கட்டி இருப்பது கதை தொடங்கும்போதே உனக்குத் தெரியும் என்று உன் அம்மா சொன்னார்கள். மாத்திரைகளை நீ வேலை பார்த்த கடையிலேயே, என் சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே வாங்கியிருக்கிறாய். உன் அஞ்சலி பேனரை நான்தான் டிசைன் செய்தேன். அழவில்லை. கோபமாக இருந்தது. இன்றைக்கும் கோபம்தான்.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பதிப்பகத்தார் பேசினார். புத்தகமாகப் போடத் தயார், ஆனால் மடைக்காரி உயிரோடு திரும்பி வரவேண்டும் என்றார். அதை என்னைவிட விரும்புகிறவர் யார்? உட்கார்ந்து வரைந்தேன். அவள் நன்றாகவே வந்தாள். லைன்மேன்தான் சரியாக வரவில்லை. எத்தனை முறை அழித்து வரைந்தாலும் திரும்பி வந்தவளைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை. எப்போது இருமுவாளோ என்று காத்திருப்பவன் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மடைக்காரி எந்தப் பாகத்திலும் இருமியதே இல்லை.

பழைய பாகங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவன் வாய் நிறையச் சிரிக்கிறான். ஒன்றும் தெரியாதவனின் சிரிப்பு. அதை இனி என்னால் வரைய முடியாது. மை மாற்றிய கையோடு பதிப்பகத்தாருக்கு போன் செய்து, முடிவு மாறாது, இஷ்டமில்லையென்றால் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஃபேன் மட்டும் இன்னும் உன் நாற்காலியைப் பார்த்தே சுற்றுகிறது. எனக்கு வியர்க்கிறது. திருப்பி வைக்கத் தோன்றவில்லை.