மருந்து அறை வாசலில் ஒரு கொண்டை ஊசி

அண்ணே,

இன்று காலை தலை முடிந்துகொண்டிருந்தேன். சீன எல்லையில் துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொன்னது. கையிலிருந்த கொண்டை ஊசியைப் பார்த்ததும் உங்கள் மேல் அப்படியொரு எரிச்சல் வந்தது. இறந்துபோனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். என்னால் முடியவில்லை.

விஸ்வநத்தத்தில் உங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு ஒருநாள் சோறு கொண்டுவந்தேனே, நினைவிருக்கிறதா? மருந்து கலக்கும் அறையை நான் நெருங்கக்கூட இல்லை. "ஏ தாயி, அங்கனயே நில்லு! தலையில இருக்க ஊசியக் கழத்தி வாசல்ல வச்சிட்டு வா" என்று கத்தினீர்கள். இரும்பு உரசி ஒரு பொறி விழுந்தால் போதுமாம். ஒரு அறை தீப்பிடித்தால் அடுத்தது பிடிக்கக் கூடாதென்று அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தீர்கள். கூடவே இருந்த ஃபோர்மேனைக்கூட, மடியில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவீர்கள்.

அதே நீங்கள்தான் பாகிஸ்தான் சண்டையின்போது என் வீட்டில் உட்கார்ந்து காப்பி ஆற்றிக்கொண்டே பேசினீர்கள். என் மகன் அப்போது பஞ்சாப் எல்லையில். நடுவில் சீனாக்காரன் வேறு மிரட்டினான். முந்தின வருடம்தான் அவன் அணுகுண்டு வெடித்துக் காட்டியிருந்தான்.

"நம்ம கையிலயும் ஒண்ணு இருந்தா ஒரே போடாப் போட்டு முடிச்சிரலாம். மருமகனும் வெரசா வீடு வந்து சேருவான்" என்றீர்கள்.

"அந்தத் தீ எந்த ரூமோட நிக்கும்ணே? அவுக திருப்பிப் போட மாட்டாகளா? எம்பிள்ள நடுவுல நிக்கானே!"

"அதெல்லாம் பெரியாளுக பாத்துக்கிடுவாக."

ஆத்திரத்தில் உங்கள் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கி வைத்தேன். அந்தப் பெரியாளுகளின் மடியை யார் தடவிப் பார்த்தார்கள்? என் கொண்டை ஊசிக்குப் பயந்தவருக்கு, ஊர் உலகத்தையே கொளுத்தக்கூடியதை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் முறைப்பவர்களிடம் பயமே இல்லை! மருமகன் மேல் நீங்கள் உயிரையே வைத்திருந்தீர்கள், அந்தப் பாசத்தில்தான் அப்படிப் பேசினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அந்தச் சண்டை நின்றது. அவன் முழுசாக வந்து சேர்ந்தான். "பாத்தியா?" என்றீர்கள், ஏதோ நீங்களே போய் நிறுத்திவிட்டு வந்தது போல. இப்போது அவன் மறுபடி எல்லையில்தான், அந்தச் சீன எல்லையில்தான் இருக்கிறான். இந்தத் தடவை எதிரே நிற்பவன் அணுகுண்டு வைத்திருப்பவன். சண்டை போடக்கூட எனக்கு நீங்கள் இல்லை.

செய்தி முடியும்வரை கொண்டை போடவில்லை. எழுந்து போய் ஊசியை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். என் வீட்டில் பற்றிக்கொள்ள எந்த மருந்தும் இல்லைதான். ஆனாலும் அதை உள்ளே எடுத்துவர இன்னும் கை வரவில்லை, அண்ணே.